அனுப்பிய மின்னஞ்சல் ஏன் போய்ச் சேரவில்லை?

மின்னஞ்சல் போய்ச் சேராதபோது அனுப்பியவரைக் குறுக்கு விசாரணை செய்வதில் பிரயோஜனமில்லை; சர்வரின் பதிவேட்டையே புரட்டவேண்டும். சர்வரில் அஞ்சலைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள், தன்னிடம் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாளக் குறியைச் சூட்டி, அதற்கு நேர்ந்த சகலத்தையும் அக்குறியோடு சேர்த்தே எழுதிவைப்பதால், பெறுநரின் விலாசத்தைக் கொண்டு குறியைக் கண்டுபிடித்து, பின்பு குறியை மட்டும் தேடினால், ஆயிரம் வரிகளுக்கிடையே சிதறிக்கிடக்கும் ஒரு கடிதத்தின் சரித்திரம் கோவையாகக் கிடைத்துவிடும். அதில் முக்கியமானது, பெறுநரின் சர்வர் சொன்ன மூன்று இலக்க எண். 250 என்றால் ஏற்றுக்கொண்டது. அப்புறம் குப்பைப் பெட்டியில் போட்டிருந்தால் அதற்கு நம் பதிவேடு ஜவாப்தாரியல்ல. 450 என்றால் தற்காலிகத் தடை. அறிமுகமில்லாத சர்வரை முதலில் திருப்பியனுப்பிச் சோதிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. வேறு உத்தரவில்லாவிடில் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை தானாகவே முயலும். 550 என்றால் நிரந்தர நிராகரிப்பு; விலாசம் பிழையா, நம் சர்வர்மேல் சந்தேகமா என்பதை, எண்ணையடுத்த வாசகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.