பறவை வரும் மாதம் எது? கம்ப்யூட்டரில் ஒரு பயணத் திட்டம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடிதம் டைப் செய்யலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். வீட்டுக்குப் பயன்படுகிற மாதிரி வேறு என்ன செய்யலாம்?" இதற்கு நான் இப்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ஒரு பயணத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள். பிரவுசர், ஸ்ப்ரெட்ஷீட், மேப், பிரிண்டர் என எல்லாவற்றையும் ஒரே வேலையில் பழகிவிடலாம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்விக்குப் பிறகுதான்.

மே மாதம் செய்த தவறு

என் அப்பாவுக்குக் கோடியக்கரை என்றால் உயிர். சிறு வயதில் பொன்னியின் செல்வன் படித்த நாளிலிருந்து அந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே கூட்டம் கூட்டமாகப் பூநாரை வரும் என்று கேள்விப்பட்ட பிறகு ஆசை இரண்டு மடங்கானது. இதற்குள் அவருக்கு வயது எழுபதைத் தாண்டி, இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. வலது கண்ணிலும் வருடத்துக்கு வருடம் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று 2023 மே மாதம் பிள்ளைகளின் விடுமுறையில் கிளம்பினோம்.

போகும் முன் இன்டர்நெட்டில் தேடத்தான் செய்தேன். முதலில் வந்த ஓர் இணையப் பக்கத்தில் "ஆண்டு முழுவதும் பார்க்கலாம்" என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே வானம் மறையப் பறக்கும் பூநாரைகளின் படம். அதை நம்பிவிட்டேன். அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது, அந்தப் பக்கம் எந்த ஆண்டு எழுதியது என்று நான் பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து வாடகைக் காரில் போய் இறங்கினால் அனல் காற்று. வெளிமான்கள் இருந்தன. பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்பா வண்டியில் ஏறும்போது, "பறவைங்களுக்கும் கோடை லீவு விட்டுட்டாங்களாடா?" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பருவத்துக்குப் பருவம் மாறும் ஊருக்குப் போவதென்றால் முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாட்ஜ், ரயில் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். இரண்டாவது முறை எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதலில் ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் எனத் தேர்ந்தெடுத்து "கோடியக்கரை" என்று பெயர் கொடுங்கள். இந்தப் பயணம் தொடர்பான எல்லா பைல்களும் இதற்குள் இருக்கட்டும். பிரவுசரிலும் இதே பெயரில் ஒரு புக்மார்க் போல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். பயனுள்ள பக்கம் கிடைத்தால் கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தி அதில் சேமிக்கலாம்.

கூகுளில் தேடும்போது முடிவுகளுக்கு மேலே "டூல்ஸ்" என்று இருப்பதைக் கிளிக் செய்திடுங்கள். "எனி டைம்" என ஒரு மெனு தெரியும். அதில் "பாஸ்ட் இயர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் கடந்த ஓராண்டுக்கு உட்பட்டவை மட்டும் கிடைக்கும். தேதியே இல்லாத பக்கத்தை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

பறவை நாட்காட்டி

பூநாரை எப்போது வரும் என்பதை இந்தமுறை விளம்பரப் பக்கங்களில் தேடவில்லை. இ-பேர்ட் என்ற இணைய தளத்துக்குப் போனேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இந்தத் தளம் 2002ல் தொடங்கியது. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் எந்த நாளில், எந்த இடத்தில், எதைப் பார்த்தோம் என்ற பட்டியலை இதில் பதிகிறார்கள். இலவசமாக ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ளுங்கள். "எக்ஸ்ப்ளோர்" பகுதியில் "பார் சார்ட்ஸ்" என்பதைக் கிளிக் செய்து இந்தியா, தமிழ்நாடு, பின்னர் மாவட்டம் எனத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு பறவைக்கும் எதிரே ஜனவரி முதல் டிசம்பர் வரை பச்சை நிறப் பட்டைகள் தெரியும். ஒரு மாதம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டை தடிமனாக இருந்தால் ஆயிரக்கணக்கில் பறவை இருக்கிறது என்று பொருள் அல்ல. பதிவான பட்டியல்களில் எத்தனை பங்கில் அந்தப் பறவை இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒரு பறவை பார்த்தாலும் பதிவுதான், ஓராயிரம் பார்த்தாலும் பதிவுதான். ஆனாலும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க இது நல்ல வழிகாட்டி. இதையும், ஊர்க்காரர்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது மழைக்காலத்தில் பறவைகள் வரத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் நிறைந்திருந்து, பிறகு குறையும் என்று புரிந்தது.

மாதங்களுக்கு மதிப்பெண்

அடுத்தது ஸ்ப்ரெட்ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இடது பக்கத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை டைப் செய்யுங்கள். ஜனவரி என்று மட்டும் டைப் செய்து, செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். மற்ற மாதங்கள் தாமே வந்தால் வேலை மிச்சம். வராவிட்டால் டைப் செய்துவிடுங்கள்.

மேல் வரிசையில் நமக்கு வேண்டியவற்றைத் தலைப்பாகப் போடுங்கள். நான் போட்டவை: பூநாரை, வெளிமான், மழை, வெயில், விடுமுறை, உப்பளம். ஒவ்வொரு செல்லிலும் 0, 1, 2 என மதிப்பெண். நமக்கு எவ்வளவு நல்லது என்பதற்குத்தான் மதிப்பெண் என்பதை நினைவில் வையுங்கள். மழை கொட்டும் நவம்பருக்கு மழைக் காலத்தில் 2 போட்டுவிடாதீர்கள். அங்கே 0 தான் வர வேண்டும்.

மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தைப் பார்த்தேன். டெல்டா கடலோரத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. புயல் ஆபத்தும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றுக்கும் 0. மழை முழுவதும் விடாத ஜனவரிக்கு 1.

வெளிமான் தலைப்பின் கீழ் பன்னிரண்டு மாதத்துக்கும் 2 வந்தது. இந்தச் சரணாலயமே 1967ல் வெளிமானைக் காப்பதற்காக அமைந்தது; மான்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கின்றன. எல்லா மாதத்துக்கும் ஒரே மதிப்பெண் என்றால் முடிவெடுக்க அது உதவாது. அந்தத் தலைப்பை நீக்கிவிட்டேன்.

கூட்டல் செய்த குறும்பு

முதல் மாதத்தின் மதிப்பெண்களுக்கு அடுத்த செல்லில் கர்சரை வைத்து, மேலே உள்ள கூட்டல் பட்டனைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கூட்டுத்தொகை கிடைக்கும். அந்த செல்லைக் கீழே இழுத்தால் எல்லா மாதத்துக்கும் மொத்தம் வந்துவிடும்.

எனக்கு வந்த விடையைக் கேளுங்கள். ஜனவரிக்கு 7. பிப்ரவரி, மார்ச், டிசம்பருக்குத் தலா 6. அதோடு மே மாதத்துக்கும் 6! அப்பாவை ஏமாற்றிய அதே மே மாதம். மழை இல்லை, பள்ளி விடுமுறை, உப்பு வாரும் காலம் என்று மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கி, பூநாரையில் வாங்கிய 0ஐ அது மறைத்துவிட்டது.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம். எது இல்லாவிட்டால் பயணமே வீணோ, அதில் 0 வாங்கிய மாதத்தை முதலிலேயே தள்ளிவிட வேண்டும். இதற்குத்தான் பில்டர் வசதி இருக்கிறது. தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து, டேட்டா மெனுவில் எக்ஸெல் என்றால் பில்டர், கால்க் என்றால் ஆட்டோ பில்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். பூநாரையின் அம்புக்குறியைக் கிளிக் செய்து 0க்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மழைக்கும் அப்படியே. என் திரையில் மிஞ்சியவை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டுமே. அவற்றில் ஜனவரி முந்தியது.

தேதியும் டிக்கெட்டும்

ஜனவரியில் எந்த நாள்? பொங்கல் நெரிசல் வேண்டாம். தை அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலில் நீராடக் கூட்டம் கூடும். 2025ல் அது ஜனவரி 29. எனவே அதற்கு முந்தைய சனி, ஞாயிறான 25, 26 எனக் குறித்தேன். 24 இரவு சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில், அங்கிருந்து கார்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அந்த நாளைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டுத் தரும். ஒரு செல்லில் பயணத் தேதியை டைப் செய்யுங்கள். பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் 60 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எனக்கு நவம்பர் 25 என்று வந்தது. விடையாக வெறும் எண் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல்லின் பார்மட்டைத் தேதி என மாற்றினால் சரியாகிவிடும்.

மேப்பும் பிரிண்ட்டும்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து கோடியக்கரை இன்னும் 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, "ஆஃப்லைன் மேப்ஸ்" என்பதில் அந்தப் பகுதியை டவுண்லோட் செய்துவிடுங்கள். டிக்கெட், லாட்ஜ் விவரம், வழி எல்லாவற்றையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். எழுத்தின் அளவை 18 ஆக வைத்தேன். அவரே படித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது வேதாரண்யத்தில் தங்க வேண்டிய லாட்ஜுக்குப் போன் செய்தேன். "மழை பேஞ்சு சதுப்புப் பக்கம் பாதை சேறா கெடக்கு சார். பெரியவரக் கூட்டிட்டு அங்க போவாதீங்க. உப்பளத்துப் பக்கமும் பறவை எறங்குது, ரோட்டுலேர்ந்தே பாக்கலாம்" என்றார் மேனேஜர். எந்த சார்ட்டிலும் இது இல்லை. சதுப்பு நிலத்துக்குள் போக வனத்துறை அனுமதியும் வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அன்றே அட்டவணையை மாற்றினேன்.

சனிக்கிழமை மாலை உப்பளங்களுக்கு அப்பால் காரை நிறுத்தினோம். 1930ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய மண் அது. தூரத்தில் தண்ணீரின் மேல் வெளிர் சிவப்பில் ஒரு கோடு. பைனாகுலரை அப்பாவின் வலது கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கோடு அசையுதுடா" என்றார் கடைசியில். அதற்குள் நான்கைந்து பறவைகள் எழும்பின. இறக்கையின் அடிச்சிவப்பு எங்களுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

நினைவில் வைக்க

* முதலில் மாதம், பிறகு தேதி, கடைசியில் டிக்கெட்.
* மாதத்தைத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டு மழைக் கணக்கு. பெட்டி கட்டக் கடைசி நான்கைந்து நாள் வானிலை அறிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.
* கட்டாயம் வேண்டியதற்கு பில்டர், மற்றவற்றுக்குக் கூட்டல்.
* கிளம்பும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு போன்.

நீங்கள் போக நினைப்பது குற்றாலமாக இருக்கலாம், வேடந்தாங்கலாக இருக்கலாம். இன்று மாலையே பன்னிரண்டு மாதங்களை வரிசையாக டைப் செய்து தொடங்கிப் பாருங்களேன்.