அச்சின் உயரமும் தரையின் இடைவெளியும்

கோலார் தங்கவயலின் தெருக்களில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் பலவகை வண்டிகள் நம்மைக் கடந்து செல்லும். தக்காளிப் பெட்டிகளை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், தண்ணீர்த் தொட்டி பொருத்திய இரு சக்கர இழுவை வண்டி, காய்கறித் தள்ளுவண்டி, எப்போதாவது ஒரு மாட்டு வண்டி. உருவத்தில் இவை வெவ்வேறானவை. ஆயினும் குனிந்து அவற்றின் அடிப்பகுதியை நோக்கினால் எல்லாவற்றிலும் ஒரே வினா எழும். இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது? வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது? இந்த வெளியைத் தரை இடைவெளி என்பர். வண்டி கல்லில் இடிக்குமா, வளைவில் கவிழுமா, இழுப்பவரைக் களைப்படையச் செய்யுமா என்பன எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு அளவுகளைச் சார்ந்தவை.

நம் முன்னோர் பலர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தவர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கினர். பௌரிங்பேட்டை என்று அக்காலத்தில் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்குத் தொடர்வண்டிப் பாதை வந்தது 1894ஆம் ஆண்டில்தான். அதுவரை தங்கவயலுக்கு வேண்டிய பொருள்கள் சாலை வழியே வண்டிகளில் வரவேண்டியிருந்தது. கல்லும் பள்ளமும் நிறைந்த அந்தச் சாலைகளுக்கு ஏற்றதாக அமைந்தது உயர்ந்த மரச்சக்கரம் கொண்ட மாட்டு வண்டி.

வண்டியின் அச்சு முறிந்தால் பயணமே நின்றுவிடும். இதனைச் சங்க காலத்தாரும் நன்கு அறிந்திருந்தனர். தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். அப்பாடல் புறநானூற்றில் 102ஆம் பாடலாக உள்ளது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நம்மில் சிலருடைய தாத்தாவின் ஊரும் அதுவாக இருக்கலாம். இக்காலத்தில் ஊர்திகளில் மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்கிறோம். அவர்களோ அச்சையே வைத்துக்கொண்டார்கள். எந்த உறுப்பு முதலில் முறியும் என்பதை வழியே அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

மரச்சக்கரத்தை ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்? பிதாகரஸ் தேற்றம் அறிந்த மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் விட்டம் 140 செ.மீ. என்று கொள்வோம், அச்சு 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். வழியில் 10 செ.மீ. உயரமுள்ள கல் ஒன்று குறுக்கிடுகிறது. அச்சுக்கும் கல்லின் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு 60 செ.மீ.; கிடைத்தொலைவு ஏறத்தாழ 36 செ.மீ. கிடைத்தொலைவை உயர வேறுபாட்டால் வகுத்தால் 0.6 கிடைக்கும். அதாவது, சக்கரத்தின் மேல் 100 கிலோ சுமை இருந்தால், கல்லின் மேல் ஏறுவதற்கு 60 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு வேண்டும். இப்போது விட்டம் 60 செ.மீ. மட்டுமே உள்ள சிறிய சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதே கல்லுக்கு உயர வேறுபாடு 20 செ.மீ.; கிடைத்தொலைவு 22 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். தேவைப்படும் இழுப்பு 112 கிலோ! சுமையைத் தூக்குவதைவிட அதனை இழுப்பது கடினமாகிவிடுகிறது. மாட்டின் கழுத்து வலியைச் சக்கரத்தின் உயரம் எவ்வாறு குறைத்தது என்பது இக்கணக்கால் விளங்கும்.

பின்னர்க் காற்றடைத்த டயர் வந்தது. கல் டயருக்குள் சற்று அமிழ்வதால், மேற்கண்ட கணக்கு கூறும் அளவுக்கு இழுப்பு தேவைப்படுவதில்லை. ஆகவே சக்கரத்தைச் சிறிதாக்கி வண்டியைத் தாழ்த்த முடிந்தது. சுமையை ஏற்றி இறக்குவதும் எளிதாயிற்று. இரும்புப் பட்டை பூட்டிய சக்கரங்களைப் போல இந்த 'டயர் வண்டி' சாலையை வெட்டுவதுமில்லை. பெங்களூரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்துவதற்காக நெடுங்காலம் உழைத்தவர். மேலாண்மை கற்பிக்கும் ஒருவர் மாட்டு வண்டியைப் பற்றிச் சிந்திப்பதா என்று வியப்பவர் உண்டு. நாட்டின் சுமையில் பெரும்பங்கை அக்காலத்தில் அந்த வண்டியே சுமந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உயர்ந்த அச்சே எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. சுரங்கத்தின் உள்ளே கனிமக் கல்லை ஏற்றிச் செல்லும் சிறு தொட்டி வண்டிகளின் சக்கரங்கள் மிகச் சிறியவை; அவற்றின் அச்சு தரையை ஒட்டியே இருக்கும். காரணம் எளிது. அவை தண்டவாளத்தின் மேல் ஓடுபவை. வழியில் பள்ளமில்லை, மேடில்லை. சுரங்க வழியின் கூரையோ தாழ்வானது. ஒவ்வொரு செ.மீ. உயரமும் அங்கு அரியது. மேலும், கல்லை வாரித் தொட்டியில் இடும் தொழிலாளி அதன் விளிம்பு உயரம் வரை ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கியாக வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அந்த வண்டிகளைத் தள்ளிய பெரியவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், தொட்டியின் விளிம்பு தம் உடம்பில் எதுவரை இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். எந்த நூலையும்விட நுட்பமான விடை கிடைக்கும்.

இனி இக்காலத்து இரு சக்கர டிரெய்லருக்கு வருவோம். இங்குப் பலர் ஒரு கருத்தில் தடுமாறுகின்றனர். டிரெய்லரின் உடலை உயர்த்தினால் தரை இடைவெளியும் கூடிவிடும் என்று நினைக்கின்றனர். ஆனால் மிகத் தாழ்ந்த பகுதி பெரும்பாலும் உடலன்று, அச்சேயாகும். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ., அச்சுத்தண்டின் தடிமன் 6 செ.மீ. என்றால், அச்சின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள வெளி 27 செ.மீ. மட்டுமே. சுமையால் டயர் நசுங்கும்போது அதுவும் சற்றுக் குறையும். பட்டறைகளில் அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை எடுத்து அச்சுக்கு மேலே பொருத்துவதுண்டு. அச்சின் தடிமன் 6 செ.மீ., பட்டைகளின் தடிமன் 6 செ.மீ. எனில் உடல் 12 செ.மீ. உயரும். ஆனால் அச்சின் நடுப்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும்! அதனை உயர்த்தப் பெரிய சக்கரம் ஒன்றே வழி. அதுவும் பாதியளவே பயன் தரும். விட்டத்தை 6 செ.மீ. கூட்டினால் அச்சு 3 செ.மீ. மட்டுமே உயரும்.

அப்படியானால் உடலை உயர்த்துவது வீண் வேலையா? அன்று. வண்டியின் பின்பகுதி சக்கரத்துக்குப் பின்னால் 180 செ.மீ. நீண்டிருக்கிறது, அதன் முனை தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். ஓடைக் கரையில் ஏறும்போது சரிவு ஏறத்தாழ 12 பாகைக்கு மேல் இருந்தால் அம்முனை தரையில் தேயும். 12 செ.மீ. உயர்த்தினால் 16 பாகை வரை தேயாது. கரடுமுரடான வழியில் செல்வோர்க்கு இந்த நான்கு பாகையே பெரிய ஆதாயம்.

அந்த ஆதாயத்திற்கு ஒரு விலையும் உண்டு. உடல் உயர்ந்தால் சுமையின் ஈர்ப்பு மையமும் உயரும். இரு சக்கரங்களுக்கும் இடைத்தொலைவு 150 செ.மீ. என்றால் அதில் பாதி 75 செ.மீ. ஈர்ப்பு மையமும் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை கவிழாது. மையம் 87 செ.மீ.க்கு உயர்ந்தால் 41 பாகையிலேயே கவிழத் தொடங்கும். பெட்டிகளை அடுக்கடுக்காக ஏற்றி மையம் 150 செ.மீ.க்குச் சென்றுவிட்டாலோ 27 பாகையே எல்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கே இந்நிலை. வளைவில் விரைந்து திரும்பும்போது இதைவிடக் குறைந்த சாய்விலும் கவிழும். திருவிழாவுக்கும் கூலி வேலைக்கும் டிராக்டர் டிரெய்லரில் மக்கள் நின்றுகொண்டே செல்வதை நாம் காண்கிறோம். நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் அவருடைய இடுப்பளவில் உள்ளது. டிரெய்லரின் தளம் உயர, அதுவும் உயர்கிறது. சரக்கு ஏற்றும் வண்டியில் மனிதரை ஏற்றலாகாது என்னும் விதிக்கு அடிப்படையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

வண்டிக்காரர்கள் 'முன்பாரம்', 'பின்பாரம்' என்று இரு சொற்களை வழங்குவர். சுமை அச்சுக்கு முன்னால் மிகுந்தால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். டிரெய்லரிலும் அவ்வாறே. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மேல் அமர்வது நல்லது. பின்பாரம் மிகுந்த டிரெய்லர் விரைவில் செல்லும்போது வால்போல் ஆடும். அச்சை உயர்த்தியவர் கொக்கியின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் வண்டி முன்புறம் தாழ்ந்து நிற்கும், முன்பகுதி வேகத்தடையில் இடிக்கும். இந்தியச் சாலைக் குழுமம் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. அதில் எந்த டிரெய்லரும் இடிக்காது. நம் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் மேடுகள் அந்த இலக்கணத்திற்கு அடங்குபவையல்ல.

படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு பயண டிரெய்லர்களைக் காரில் இழுத்துக்கொண்டு சுற்றுலா செல்வது மேலை நாடுகளில் வழக்கம். ஐரோப்பாவின் செம்மையான சாலைகளுக்கு அவற்றைத் தாழ்வாக அமைக்கின்றனர். முதியவரும் எளிதில் ஏறலாம், காற்றின் எதிர்ப்பும் குறைவு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்வழிகளில் செல்வோரோ குறுக்கு அச்சே இல்லாத அமைப்பை விரும்புகின்றனர். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குவதால் நடுவில் இடிப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

அளந்து பார்க்க: உங்கள் தெருவில் நிற்கும் ஓர் இரு சக்கர வண்டியை உரியவரின் இசைவு பெற்று அளவிடுங்கள். சக்கரத்தின் விட்டம், அச்சின் தடிமன், அச்சுக்குக் கீழே உள்ள வெளி, சக்கரங்களின் இடைத்தொலைவு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கீழே உள்ள வெளியை முதலில் கணக்கிட்டு, பின்னர் அளவுகோலால் சரிபாருங்கள். இரண்டிற்கும் வேறுபாடு இருந்தால் டயரில் காற்று எவ்வளவு உள்ளது என்று பாருங்கள்.