மணிக்கட்டு வழி மறுத்தால்...

“கையிலதான் ஆஞ்சியோன்னு சொன்னாங்க. உள்ளே போனதும் தொடைக்கு மாத்திட்டாங்க. ஏதாச்சும் தப்பாப் போச்சா டாக்டர்?”

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வழியை மாற்றுவது தப்பு அல்ல. பல சமயம் அதுதான் புத்திசாலித்தனம்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் துடிக்கிறதே, அதுதான் ரேடியல் ரத்தக்குழாய். சித்த மருத்துவர்களாகிய நாங்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் அதே இடத்தில்தான். நாங்கள் மேலே தொடுவதோடு சரி. இதய மருத்துவர்கள் அதற்குள்ளேயே குழாயை விட்டு இதயம்வரை போய்விடுகிறார்கள்! கனடாவின் லூசியன் காம்போ இந்த வழியில் ஆஞ்சியோ செய்த அனுபவத்தை 1989-ல் வெளியிட்டார். அடுத்த சில வருடங்களில் நெதர்லாந்தின் கீமெனை இதே வழியாக ஸ்டென்ட்டும் வைத்தார். தொடையைவிட ரத்தக்கசிவு குறைவு. நோயாளி சீக்கிரமே எழுந்து உட்காரலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குழாய் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறுகல். போதாததற்கு ரோஷம் வேறு! ஊசி பட்டாலும், வலித்தாலும், மனசு பயந்தாலும் அதன் சுவரிலுள்ள தசை வெடுக்கென்று இறுகிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அப்போது பலவந்தமாக இழுக்கக் கூடாது. நைட்ரோகிளிசரின், வெரபமில் போன்ற தளர்த்தும் மருந்தைச் செலுத்தி, பதற்றம் தணிய மருந்து கொடுத்து, கொஞ்சம் காத்திருப்பார்கள். தேவைப்பட்டால் மெல்லிய குழாய்க்கு மாறுவார்கள். நாடி சரியாகக் கிடைக்காதவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போடுவதும் உண்டு. திரும்பத் திரும்பக் குத்தினால் இறுக்கம்தான் கூடும்.

சிலருக்கு முழங்கை அருகே ரத்தக்குழாய் ஜாங்கிரி மாதிரி சுருண்டிருக்கும். மருந்து செலுத்திப் படம் பார்த்து, மெல்லிய கம்பியால் நைசாக வளைவைக் கடப்பார்கள். குழாயின் முனை சுவரை உரசாமலிருக்க, நுனியில் சின்ன பலூனைப் பாதி வெளியே நீட்டி ஊதிக்கொண்டு போகும் உத்தியும் இருக்கிறது. வயதானவர்களுக்கும் நாள்பட்ட ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் தோள் பக்கம் நெளிந்திருக்கும். “மூச்சை நல்லா இழுங்க” என்பார்கள். இழுத்தால் நெளிவு சற்று நிமிரும்!

எதற்கும் மசியவில்லையா? இடது மணிக்கட்டு, சுண்டுவிரல் பக்கத்து அல்நார் குழாய், தொடை என்று வேறு வழிகள் இருக்கின்றன. நாடி பார்க்க ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது எங்கள் வழக்கம். இங்கே அந்தக் கணக்கில்லை. மாரடைப்பு நேரத்தில் மணிக்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. நிமிஷங்கள் முக்கியம்.

உங்கள் பங்குக்கும் வேலை இருக்கிறது. டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பைபாஸ் செய்திருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். எங்களிடம் வாங்கிச் சாப்பிடும் சூரணம், பற்பம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுவில் கை வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சொன்னால்தான் மருந்து கொடுப்பார்கள்.

முடிந்த பிறகு விரல்கள் மரத்துச் சில்லிட்டாலோ, முன்கை வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ரத்தம் கசிந்தால், அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சில நாளைக்கு அந்தக் கையால் குடம் தூக்குவது, துணி பிழிவதெல்லாம் வேண்டாம்.