கல் வட்டத்துக்குள் யார்?

குழந்தைகளே! சித்தன்னவாசல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தாமரைக் குளமும், மீனும், அன்னமும் தீட்டப்பட்ட அந்த அழகான ஓவியம்தானே? புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் உள்ள இந்த ஊருக்குப் பள்ளிச் சுற்றுலா போய் வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஆனால், ஓவியம் பார்க்கும் அவசரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். குன்றைச் சுற்றியுள்ள பொட்டல் காட்டில் ஆங்காங்கே பெரிய பெரிய கற்கள் வட்டமாகப் பதிந்து கிடக்கும். யாரோ விளையாட்டுக்கு அடுக்கி வைத்தது போலத் தோன்றும். அவை என்ன தெரியுமா? கல்லறைகள்! 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே வாழ்ந்த மக்களின் இடுகாடு அது.

சித்தன்னவாசலில் மட்டுமல்ல, அன்னவாசல், தாயினிப்பட்டி, அறந்தாங்கிப் பக்கம் அம்பலத்திடல் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் பல இடங்களில் இப்படிப்பட்ட பழைய ஈமக்காடுகள் இருக்கின்றன.

இன்றைய கல்லறைகளில் இறந்தவரின் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். இவற்றில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. பிறகு எப்படி இவர்களைப் பற்றித் தெரிந்து கொள்வது? வாருங்கள், பார்க்கலாம்!

கல்லால் ஓர் அறை

கல் வட்டத்தின் நடுவில், மண்ணுக்கடியில், பலகை போன்ற கற்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்து அறை கட்டினார்கள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஒரு கல்லை இன்னொரு கல் தாங்கி நிற்கிறது. சில அறைகளில் ஒரு பலகைக் கல்லில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். இறந்தவரின் ஆவி வந்து போக என்று சிலரும், பிறகு இறந்தவர்களின் எலும்புகளையும் உள்ளே வைக்க என்று வேறு சிலரும் கருதுகிறார்கள்.

இவ்வளவு பெரிய கல்லை ஒருவர் தனியாகத் தூக்க முடியுமா? முடியாது. ஊரே சேர்ந்து இழுத்திருக்க வேண்டும். கல்லைப் பிளக்கத் தெரிந்தவர்களும், இரும்புக் கருவி செய்யத் தெரிந்தவர்களும் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். பெயரே இல்லாத கல் எவ்வளவு சொல்லிவிட்டது, பார்த்தீர்களா?

இன்னொரு விஷயம். இந்த இடுகாடுகள் பெரும்பாலும் பயிர் விளையாத சரளை மேடுகளில்தான் இருக்கும். நல்ல நிலத்தை உழவுக்கு விட்டுவிட்டு, இறந்தவர்களுக்கு மேட்டு நிலத்தை ஒதுக்கினார்கள்.

மண்ணால் ஒரு தாழி

வேறு சில இடங்களில் பெரிய மண்தாழிக்குள் இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ வைத்துப் புதைத்தார்கள். கூடவே கிண்ணங்கள், இரும்புக் கத்தி, ஈட்டி முனை, மணிகள் போன்றவற்றையும் வைத்தார்கள். அந்தக் கிண்ணங்களில் பல உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும். சாயம் பூசியதா? இல்லை! கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறம் காற்றுப் படாமல் கறுத்துவிடும். வெளிப்புறம் காற்றுப் பட்டுச் சிவந்துவிடும்.

புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு. கணவனை இழந்த ஒரு பெண், தாழி செய்யும் குயவரிடம், எனக்கும் இடம் இருக்கும்படி அதை அகலமாகச் செய்யுங்கள் என்று வேண்டுகிறாள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பணியாற்றிய ஆராய்ச்சியாளர் கே.ஆர்.சீனிவாசன், இந்த ஈமச் சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தோடு ஒப்பிட்டு 1946-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாட்டில் இருந்த தாழி மண்ணுக்குள்ளும் இருக்கிறது என்பது எவ்வளவு ஆச்சரியம்!

உயிரோடு வைத்தார்களா?

"வயது மிகவும் ஆனவர்களைச் சாப்பாட்டோடு தாழிக்குள் உட்கார வைத்து மூடிவிடுவார்கள்" என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். 'மதமதக்கத் தாழி' என்ற பெயரும் உண்டு. கேட்கவே பயமாக இருக்கிறது இல்லையா? பயப்பட வேண்டாம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. உடல் மக்கிய பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்த தாழிகள் ஏராளம்.

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் உள்ள பழைய இடுகாட்டில் 2020-ல் ஒரு சின்னக் குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. அங்கே உறங்கியவர்கள் முதியவர்கள் மட்டும் அல்ல. அந்தக் குழந்தைக்காகவும் யாரோ அழுதிருப்பார்கள்.

தாழி சொன்ன கதைகள்

தமிழகத்து இடுகாடுகளில் மிகவும் புகழ்பெற்றது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்பு! 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் என்பவர் இங்கே முதலில் தோண்டினார். பிறகு 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ ஆய்வு செய்தார். தங்க நெற்றிப்பட்டங்களும், வெண்கலத்தில் செய்த சேவல், எருமை உருவங்களும் கிடைத்தன.

அதே மாவட்டத்தில் சிவகளை என்ற ஊரில் ஒரு தாழிக்குள் மண்ணோடு நெல் உமி கிடைத்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் தெரியவந்தது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நெல் விளைந்திருக்கிறது. இதைச் சொன்னது ஒரு பிடி உமி!

எது புதையல்?

"தாழிக்குள் தங்கம் இருக்கும்" என்று நம்பிச் சிலர் இரவில் தோண்டிப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் தெரியாமலே கற்களைப் பெயர்த்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். செம்மண்ணை லாரியில் அள்ளுகிறார்கள். பெரும்பாலான தாழிகளில் தங்கம் இருப்பதில்லை. சிவகளைத் தாழியை அப்படி யாராவது உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உமி காற்றில் பறந்திருக்கும். 3,200 ஆண்டுக் கதையும் அதோடு போயிருக்கும்.

ஒரு பானை எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எப்படி இருந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் வரலாறு. பானையை மட்டும் பிடுங்கி எடுத்தால், புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி. திரும்ப ஒட்டவே முடியாது.

ஆகவே குழந்தைகளே, உங்கள் ஊர்ப் பொட்டலில் கல் வட்டமோ, மழையில் வாய் தெரியும் தாழியோ கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். உள்ளே கை விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது.

விடுமுறையில் ஒரு நாள், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு அப்பா அம்மாவோடு போய் வாருங்கள். அடுத்த முறை சித்தன்னவாசல் போகும்போது ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கல் வட்டத்தின் அருகிலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே இருப்பவருக்குப் பெயர் இல்லை. ஆனால் அவரும் நம் ஊர்க்காரர்தான்!