தெரிந்த பாட்டுதானே!

பட்டுக்குப் பேர்போன ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். அவருக்கு மூச்சு வாங்கினால் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். முகவீணை அந்த இடைவெளியை நிரப்பும். உச்சிக்குப் போனதும் பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். அதற்காக யாரும் எழுந்து போவதில்லை.

இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஜாஸ் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நியூயார்க்கின் பிராட்வே மேடையில் 1959 நவம்பரில் வந்த இசை நாடகம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. அதில் ஒரு சின்னப் பாட்டு, 'மை ஃபேவரிட் திங்ஸ்'. நாடகம் சினிமாவானது 1965-இல்தான். அதற்கு வெகுமுன்பே, 1960 அக்டோபரில், அமெரிக்க ஜாஸ் வித்வான் ஜான் கோல்ட்ரேன் அந்தப் பாட்டை சோப்ரானோ சாக்ஸபோனில் எடுத்துப் பதிமூன்றரை நிமிடத்துக்கு மேல் வாசித்துப் பதிவு செய்துவிட்டார். முதலில் மெட்டை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார். என்ன பாட்டு என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. பிறகு அவர் குழுவின் மெக்காய் டைனருடைய பியானோ இரண்டே கார்ட்ஸை, அதாவது சுரக் கூட்டுகளை, சுற்றிச் சுற்றி வருகிறது. திஸ்ரத்தில் ஓடும் தாளத்தின் மேல் சாக்ஸபோன் விரிகிறது, கிட்டத்தட்ட ராக ஆலாபனை. பாட்டை முடித்துவைக்கும் பகுதியைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார். இந்தப் பதிவு வந்த இசைத்தட்டில் இருப்பது நான்கே உருப்படி, நான்கும் மேடைப் பாட்டுகள்.

1966-இல் டோக்கியோவில் இதே பாட்டை 57 நிமிடம் வாசித்தார். ஆரணிப் பக்கத்தில் இதை நீளம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடி முடித்து முகம் காட்டவே அங்கே அரைமணி ஆகிவிடும்.

ஜக்கார்டு தறியில் ஒரே அட்டைக் கட்டை மாட்டி, பட்டின் நிறத்தை மாற்றி வேறு வேறு சேலை இறக்குவார்கள் ஆரணி நெசவாளர்கள். ஜாஸ்காரர்களும் அப்படித்தான். இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1930-இல் ஒரு நாடகத்துக்குப் போட்ட 'ஐ காட் ரிதம்' பாட்டின் மெட்டையே கழற்றிவிட்டு, அடியிலிருந்த கார்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு சார்லி பார்க்கர் போன்றவர்கள் புதுப்புது உருப்படிகள் செய்தார்கள்.

நம்மிடமும் இது இல்லாமலில்லை. தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம், அது போதும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. யார் எங்கே தாவினாலும் ஹார்மோனியக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பின் பழகாத ஜாஸ் வித்வான்கள் நள்ளிரவில் ஒன்றுகூடி வாசிப்பதும் இதே துணிச்சலில்தான்.

சினிமா வந்து இந்தத் துணிச்சலைக் கெடுத்தது என்பது என் கட்சி. அதே வள்ளி கதையை வைத்து 1945-இல் வந்த ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் 'காயாத கானகத்தே' பாடினார், அற்புதமாகத்தான் பாடினார். ஆனால் இசைத்தட்டில் ஏறிய பாட்டுக்கு அதற்குமேல் வேறு வழி இல்லை என்றாகிவிட்டது. இன்று திருவிழாக் கச்சேரியில் ஒரு சங்கதி மாறினாலே முகம் சுளிக்கிறோம்.

ஒரு பாட்டை எடுத்து மணிக்கணக்கில் பிரிக்க நாகஸ்வரத்தைவிடத் தோதான வாத்தியம் எது? அமெரிக்க சாக்ஸபோன் வித்வான் சார்லி மரியானோ அதற்காகவே இந்தியாவுக்கு வந்து கற்றுக்கொண்டு போனார். நாமோ கல்யாண வரவேற்பில் அந்த வாத்தியக்காரர் காதருகே போய், "அண்ணே, ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசிங்க" என்கிறோம்.