கிணற்று நீர்மட்டத்தைக் காட்டும் சிறு விளக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியவற்றைச் செய்கைபண்ணுவோர் பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியிருக்கின்றனர். மாரி மழையாற் கிடைக்கும் இந்நீர் சுண்ணாம்புக்கற் படைகளிலே தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்திற் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரமோ ஓய்வின்றி இறைக்கும். நீர்மட்டம் அளவுக்கு மிஞ்சித் தாழுமாயின் உவர்நீர் மேலெழும், பயிர் கருகும். உவரான கிணற்றைத் திருத்துவது எளிதன்று.

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருப்பவர் அடிக்கடி கிணற்றை எட்டிப்பார்த்தல் இயலாது. அவருக்குப் பதிலாகக் காவல் நிற்கக்கூடிய ஒரு சிறு விளக்கைச் செய்யும் முறை இங்கே கூறப்படுகின்றது.

திரான்சிற்றர் செய்யும் வேலை

கிணற்று நீரிலே இரு கோல்களை அமிழ்த்தி மின்கலத்துடன் இணைத்தால் மிகச் சொற்பமான மின்னோட்டமே நீரினூடாகப் பாயும். ஒளிகாலும் இருவாயி எனப்படும் எல்.ஈ.டி. விளக்கு தெளிவாக எரிவதற்கு அது போதாது. வாய்க்காலின் மதகுப் பலகையைச் சிறு கைவலுவால் உயர்த்திப் பெருநீரைப் பாயவிடுகின்றோமன்றோ? அவ்வாறே திரான்சிற்றரின் 'அடி' என்னுங் காலிற் புகும் சிறு ஓட்டம், 'சேகரிப்பான்' என்னுங் காலிலிருந்து 'காலி' என்னுங் காலுக்குப் பெரிய ஓட்டத்தைச் செல்லவிடுகின்றது. சிறு ஓட்டம் நின்றவுடன் பெரிய ஓட்டமும் நின்றுவிடும். இச்சாதனம் 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது.

தேவையான பொருள்கள்

1.5 வோல்ற்று உலர்மின்கலம் 4, பி.சி. 547 திரான்சிற்றர் 1, சிவப்பு எல்.ஈ.டி. 1, 470 ஓம், 10 கிலோஓம், 100 கிலோஓம் தடையிகள் ஒவ்வொன்று, ஓர் ஆளி, துருவேறா உருக்குக் கோல் 2, உறையிட்ட கம்பி.

இணைக்கும் முறை

1. நான்கு கலங்களையும் தொடராக வைத்து 6 வோல்ற்று பெறுக. நேர்முனையை ஆளியுடன் இணைக்குக.

2. ஆளியின் மறுபக்கத்திலிருந்து ஒரு கம்பியை 470 ஓம் தடையி வழியாக விளக்கின் நீண்ட காலுக்குக் கொண்டுசெல்க. விளக்கின் குறுகிய காலைச் சேகரிப்பானுடன் இணைக்குக.

3. அவ்விடத்திலிருந்தே மற்றொரு கம்பியை முதலாங் கோலுக்குக் கொண்டுசெல்க. இரண்டாங் கோலை 10 கிலோஓம் தடையி வழியாக அடியுடன் இணைக்குக.

4. 100 கிலோஓம் தடையியை அடிக்கும் காலிக்கும் இடையில் வைக்குக. கம்பியின் ஈரத்தாற் கசியும் ஓட்டம் விளக்கை எரிக்காவண்ணம் இது காக்கும்.

5. காலியை மின்கலங்களின் மறைமுனையுடன் இணைக்குக.

பி.சி. 547இன் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழிருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என அமையும்.

கிணற்றில் வைத்தல்

கோல்களை ஓர் அங்குல இடைவெளியில் பிளாத்திக்குத் துண்டொன்றிற் பொருத்துக. எந்த மட்டத்திற்குக் கீழே இறைத்தால் நீர் உவர்க்கத் தொடங்குமென்பதைக் கமக்காரர் தம் அனுபவத்தால் அறிவர். அம்மட்டத்திற்குச் சற்று மேலே கோல்களின் நுனி நிற்குமாறு கயிற்றிற் கட்டி இறக்குக. விளக்கை நீண்ட கம்பியால் வாய்க்கால் ஓரத்திற்குக் கொண்டுவரலாம். வெயிலிலுந் தெரியும்படி ஒரு குழாய்த் துண்டினுள் அதை வைக்குக.

விளக்கு எரியும்வரை இறைக்கலாம். அணைந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துக. மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் விளக்கு அணையுமாதலால், அப்பழுதுகளாற் கிணற்றுக்குக் கேடு நேராது. எனினும் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினால் விளக்கு பொய்யாக எரியும். ஆகவே நாடோறும் இறைக்குமுன் கோல்களை நீருக்கு மேலே தூக்கி, விளக்கு அணைகின்றதா எனப் பார்க்க.

எச்சரிக்கை

செப்புக் கோல்களைப் பயன்படுத்தலாகாது. மின்னோட்டத்தால் அவை கரைந்து நீரிற் சேரும். இறைக்காதபோது ஆளியை நிறுத்திவைக்குக. வீட்டு மின்சாரத்தை இதனுடன் ஒருபோதும் இணைக்கலாகாது; உயிராபத்து நேரும். இத்திரான்சிற்றர் நீரிறைக்கும் மோட்டாரை இயக்க வல்லதன்று.

இவ்விளக்கு நீரின் மட்டத்தையே காட்டும், உவர்ப்பைக் காட்டாது. ஆதலால் நீரைச் சுவைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள். இன்று இயந்திரத்தைச் சற்று முன்னதாக நிறுத்துபவர் நாளைய பயிருக்கு நன்னீரைச் சேமிக்கின்றார்.