ரொட்டியோடு கற்கும் மொழி

மேல்நிலை வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுள் சிலர் தமிழை விடுத்துப் பிரெஞ்சு மொழியைத் தெரிந்துகொள்ளுகின்றனர். காரணம் கேட்டால் பெற்றோர் ஒளிக்காமல் கூறுவர்: “மார்க்கு எளிதாகக் கிடைக்கும், சாமி!” கிடைக்கலாம். ஆனால் ஈராண்டு பயின்று நூற்றுக்கு நூறு பெற்ற பிள்ளை, ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்க நாவெழாமல் நின்றால் அக்கல்வியை என்னவென்பது? தமிழை விடுத்ததே எனக்கு உடன்பாடன்று. எடுத்ததையும் கற்கவில்லை என்றால் இரட்டை இழப்பன்றோ?

உண்மையில் பிரெஞ்சு நம் நாவுக்குப் பகையான மொழியன்று. மரம், பணம் என்று எழுதும் நாம், பேசும்போது ஈற்று மகரத்தை முழுதும் ஒலிக்காமல் மூக்கொலியாக முடிக்கிறோம். பிரெஞ்சு மொழியின் மூக்கொலி உயிர்களும் ஏறக்குறைய இத்தகையவையே. வெங்காயம் அவர்களுக்கு ‘ஒஞோன்’. நம் ஞாயிற்றுக்கிழமையின் ஞகரமே அது. ஆங்கிலம் எல்லாரையும் ஒரே சொல்லால் விளிக்க, பிரெஞ்சு மொழியோ நம்மைப் போல் ‘நீ’ என்பதற்குத் ‘த்யு’ என்றும், ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’ என்றும் வேறுபடுத்துகிறது. அறிமுகமற்ற கடைக்காரரிடம் ‘த்யு’ என்றால் முகம் சுளிப்பார். இறைவனை விளிப்பதிலும் இச்சிக்கல் எழுந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தில் 1966 வரை ‘வூ’ என்று இறைவனை அழைத்த பிரெஞ்சுக் கத்தோலிக்கர், அவ்வாண்டு முதல் ‘த்யு’ என்று அழைக்கலாயினர். நமக்கோ ‘நீர்’ என்னும் இடைச்சொல் ஒன்று வாய்த்திருக்கிறது!

இவையெல்லாம் இலக்கணப் பட்டியலால் மனத்தில் பதிவதில்லை. மேசை பெண்பால், ரொட்டி ஆண்பால் என்பதை, அஃறிணையை ஆண் பெண் என்று பிரிக்காத நாம் புழங்கித்தான் பழகவேண்டும். ரொட்டி அங்கே வெறும் தின்பண்டமன்று. பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி என்று விற்பதில் சேர்க்கைப் பொருள் எதுவும் கலக்கலாகாதென 1993இல் அரசாணையே பிறந்தது. நீண்ட ‘பகேத்’ ரொட்டியைச் செய்யும் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது. தோழனைக் குறிக்கும் ‘கொம்பாஞோன்’ என்னும் சொல்லே, ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்று பொருள்படும் இலத்தீனிலிருந்து வந்தது. விருந்திலும் முறை உண்டு. பாலாடைக்கட்டி உண்ட பின்னரே இனிப்பு. பருப்பில் தொடங்கிப் பாயசம் கண்டு மோரில் முடியும் நாஞ்சில் நாட்டு இலையை அறிந்தவருக்கு இது விளங்காதா?

உணவும் பிரெஞ்சு மொழியும் சேர்ந்து வேரூன்றிய தமிழ்மண் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைச் ‘சொல்தா’ என்றே மக்கள் அழைத்தனர். 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இன்றும் பாடம் நடத்துகிறது. மறைப்பணியாளர்களான மூசே, துய்ப்புய் அடிகளார் இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அந்நகரிலேயே அச்சேறியது. நம் தாய்மார் வெங்காயமும் பூண்டும் கடுகும் உளுந்தும் கூட்டி வெயிலில் உலர்த்தும் வடகம், ‘வடுவான்’ என்று பெயர் திரிந்து பிரான்சின் சமையலறைகளை அடைந்திருக்கிறது.

நம் குருக்களும் கன்னியரும் பிரான்சு நாட்டுப் பங்குகளில் பணிபுரியச் செல்லும் காலம் இது. ஆகவே பெற்றோரே, பிரெஞ்சு பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், மாலையில் அடுப்படிக்கு அழையுங்கள். உப்புக்கும் தண்ணீருக்கும் அம்மொழியில் பெயர் கேளுங்கள், தவறினாலும் சிரிக்கவேண்டாம்.

அடுப்படிக்கு அத்தனை ஆற்றலா என்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. பிரெஞ்சும் கிரியோலுமே பேசுகின்றனர். ஆயினும் கறி அங்கே ‘காரி’யாகவும், முருங்கை ‘முருங்’ ஆகவும் வாழ்கின்றன. தக்காளி, வெங்காயம், மிளகாய் நறுக்கிச் சோற்றுடன் வைக்கும் தொடுகறியை ‘ருகாய்’ என்கின்றனர். அது நம் ஊறுகாய்தான்.